மண்வெட்டிப் பிடிக்கும் மரம் பார்க்க வேண்டும்

சாகுபடிச் செலவைக் கணக்கிடும்போது விதை, உரம், பூச்சி மருந்து, ஆள் கூலி, டிராக்டர் வாடகை ஆகியவற்றை எழுதுவது வழக்கம். மண்வெட்டிப் பிடியை யாரும் எழுதுவதில்லை. நடவாட்கள் வந்து வரப்பில் நிற்கும் வேளையில், அண்டை வெட்டிக் கொண்டிருக்கும் மண்வெட்டியின் பிடி முறியும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. ஒருவர் வேலையைப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓட வேண்டும். அங்கே கிடைப்பதை வாங்கி வந்து, ஈரம் காயாத அந்தப் பிடியை அவசரமாக அடித்துச் சொருக வேண்டும். சில வாரங்களில் அது சுருங்கி ஆடத் தொடங்கும். ஆடும் இரும்பு கழன்று காலில் விழுந்தால், ஆஸ்பத்திரிச் செலவும் வேலைக்குப் போகாத நாட்களின் கூலியும் சேர்ந்துகொள்ளும்.

இத்தகைய நேரங்களில் பழி கொல்லர் மீதோ, வேலை செய்த ஆள் மீதோ போகிறது. குறை பெரும்பாலும் மரத்தில் இருக்கிறது. பச்சையாக வெட்டிச் சீவிய மரம், நார் குறுக்கே ஓடும் மரம், அந்த வேலைக்கே பொருந்தாத மரம் ஆகிய மூன்றுமே பிடி முறிவதற்கு முக்கியக் காரணங்கள். மூன்றையும் முன்கூட்டியே தவிர்க்க முடியும். இரும்பைக் கடையில் வாங்கலாம். பிடிக்கான மரத்தைச் சிறு விவசாயிகள் தாங்களே தேர்ந்து, பிளந்து, காயவைத்துப் பரணில் போட்டு வைத்திருப்பதே நல்லது.

டிராக்டரும் பவர் டில்லரும் வந்துவிட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2015-16 ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரி அளவு 0.75 எக்டேர்தான். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இவ்வளவு நிலத்தில் உழவுக்கு டிராக்டர் வரலாம். மூலை வெட்டுவதற்கும், மடை மாற்றுவதற்கும், வாய்க்காலில் தூர் எடுப்பதற்கும், பார் பிடிப்பதற்கும் மண்வெட்டிதான். வேலி கழிக்க அரிவாளும் விறகு பிளக்கக் கோடரியும் களையெடுக்கக் களைக்கொத்தும் வேண்டும். இவை அத்தனையும் மரப்பிடியில் நிற்பவை.

அம்பும் கணை, பிடியும் கணை

தென் மாவட்டங்களில் பல ஊர்களில் மண்வெட்டிப் பிடியைக் ‘கணை’ என்று சொல்வார்கள். அம்புக்கும் கணை என்றே பெயர். இந்தப் பெயர்ப் பொருத்தம் எப்படி வந்ததோ, வேலைப்பாட்டைப் பார்த்தால் பொருத்தமாகவே இருக்கிறது. மரத்தை மிகக் கடுமையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் வில்லும் அம்பும் செய்தவர்கள். அவர்கள் மரத்தில் எதைத் தேடினார்களோ, அதையேதான் மண்வெட்டிப் பிடிக்கும் கோடரிப் பிடிக்கும் தேட வேண்டும்.

இதற்கு நேரடிச் சான்று ஒன்று உண்டு. ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையில், ஆல்ப்ஸ் மலையின் பனிக்குள் சுமார் 5,300 ஆண்டுகள் புதைந்து கிடந்த ஒரு மனிதரின் உடல் 1991-ல் கண்டெடுக்கப்பட்டது. அவருடைய கருவிகளும் கெடாமல் கிடைத்தன. ஆறடி நீளத்தில், இன்னும் செய்து முடிக்கப்படாத வில் ஒன்று இருந்தது. அது யூ என்ற மரத்தால் ஆனது. அவரிடமிருந்த செப்புக் கோடரியின் பிடியும் அதே யூ மரம். அம்புகளுக்கு மட்டும் வேறு: ஒரு புதர்ச்செடியின் நேராக வளர்ந்த குச்சிகளை எடுத்திருந்தார். கத்தியின் பிடி இன்னொரு மரம். எந்த வேலைக்கு எந்த மரம் என்பது அந்தக் காலத்திலேயே தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

வில்லை வளைக்கும்போது எய்பவருக்கு எதிர்ப்புறமாக இருக்கும் மரம் இழுபடுகிறது. அவரை நோக்கியிருக்கும் மரம் நெரிபடுகிறது. ஒரே கட்டையில் ஒரு பக்கம் இழுவை, மறுபக்கம் நெருக்கம். மண்வெட்டியை ஓங்கிக் காய்ந்த மண்ணில் போடும்போதும் பிடிக்குள் ஒரு கணம் இதுவே நடக்கிறது. இழுபடும் பக்கத்தில் ஒரு கணு இருந்தாலும், நார் வெட்டுப்பட்டிருந்தாலும் முறிவு அங்கேதான் தொடங்கும். மத்திய இந்தியப் பழங்குடி மக்கள் மூங்கிலைப் பிளந்து வில் செய்யும்போது மூங்கிலின் தோல் பக்கம் வெளிப்புறமாக, அதாவது இழுபடும் பக்கமாக, இருக்கும்படி அமைப்பதன் காரணமும் இதுதான். மூங்கிலில் நார் மிக நெருக்கமாக இருப்பது தோலை ஒட்டிய பகுதியில். துரட்டிக் கம்புக்கு மூங்கில் சீவுகிறவர்கள் கணு மேட்டைத் தட்டையாக்குவதற்காகத் தோலையும் சேர்த்துச் சீவிவிடுவதைப் பல ஊர்களில் காணலாம். அது மூங்கிலின் பலமான பகுதியைக் கழித்து எறிவதாகும்.

நம் காடுகளிலேயே வில்லுக்குப் பேர்போன மரம் ஒன்று உண்டு. இலையுதிர்க் காடுகளில் வளரும் தடசு அல்லது சடச்சி என்பது அதன் பெயர். இந்தியில் தாமன் என்பார்கள். வடமொழியில் அதற்கு வழங்கும் பெயர்களில் ஒன்றுக்கு ‘வில் மரம்’ என்றே பொருள். வளைந்து கொடுத்து மீண்டும் நிமிரும் தன்மைக்காக இந்த மரத்தைக் கருவிப் பிடிகளுக்கும் படகுத் துடுப்புகளுக்கும் வண்டிகளின் ஏர்க்காலுக்கும் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். இது காட்டு மரம். மலையடிவாரத்தில் சொந்த நிலத்தில் நிற்கும் தடசு மரத்தை விறகென்று நினைத்து விற்றுவிடாமல் இருந்தாலே போதும்.

நல்ல வில் மரம் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். அங்கு யூ மரத்துக்குத் தட்டுப்பாடு வந்து, 1472-ல் ஒரு சட்டமே போட்டார்கள். துறைமுகத்துக்குச் சரக்குக் கொண்டுவரும் வணிகர்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில் கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்பது அந்தச் சட்டம். கருவேல மரத்தை வேரோடு விற்றுவிட்டு டவுன் கடையில் பிடி வாங்கும் கிராமத்தின் நிலையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது.

கடினமான மரமெல்லாம் பிடிக்கு ஆகாது

கனமான, கடினமான மரம்தான் நல்ல பிடி மரம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது பாதி உண்மை. கருங்காலியில் உலக்கை செய்தார்கள். உலக்கை நேராக இடிப்பது. அது வளைய வேண்டியதில்லை, தேயாமல் இருந்தால் போதும். புளிய மரத்தின் வைரத்தில் மரச்சுத்தியலும் உரலும் செய்தார்கள். வாகையில் செக்கு செய்தார்கள். நுகத்தடிக்கு மஞ்சணத்தி எனப்படும் நுணா மரத்தைத் தேடினார்கள். ஏனென்றால் நுகத்தடி கனமாக இருந்தால் மாட்டின் கழுத்துத்தான் புண்ணாகும். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் மரத்தில் வேண்டிய குணம் வேறு. பிடிக்கு வேண்டியது அதிர்ச்சியைத் தாங்கும் குணம். அடி விழும்போது சற்று வளைந்து, முறியாமல், மீண்டும் நேராக வேண்டும்.

கலப்பை விஷயம் இன்னும் சுவையானது. நாட்டுக் கலப்பையின் உடலுக்குத் தச்சர்கள் நேரான கட்டையைத் தேடுவதில்லை. இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கருவேலங் கட்டையைத் தேடிப் போவார்கள். நேர்க்கட்டையை வளைவாகச் செதுக்கினால் வளைவில் நார் அறுபட்டு அங்கேயே பிளக்கும். மரமே வளைந்திருந்தால் நாரும் வளைவோடு ஓடும். ஆல்ப்ஸ் மனிதரின் கோடரிப் பிடியும் கிளை பிரியும் இடத்தைப் பார்த்து வெட்டி எடுத்ததுதான். கோணல் மரம் ஒன்றுக்கும் உதவாது என்று சொல்பவர்கள் கலப்பை செய்து பார்க்காதவர்கள்.

பிடிக்கு நம் ஊர்களில் எளிதில் கிடைக்கும் மரங்களில் முதலிடம் நாட்டுக் கருவேலுக்கே. வெள்வேலும் இலந்தையும் அடுத்தபடி வரும். டெல்டாப் பகுதியில் பூவரசு மிகவும் ஏற்றது. அது கருவேல் அளவுக்குக் கனமில்லை. ஆனால் நன்றாக இழுத்துப் பிடிக்கும் மரம். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலுக்கு அதைப் பயன்படுத்தியது காரணத்தோடுதான். களையெடுக்கும் பெண்களின் கருவிகளுக்குப் பூவரசுப் பிடியே சிறந்தது என்று சொல்லலாம். நாள் முழுவதும் கையில் பிடிக்கும் கருவியில் ஒவ்வொரு பலம் எடையும் கணக்கில் வரும். இங்கே ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. களைக்கொத்துக்கு ஒரு சாண் பிடி போட்டு, பெண்களை நாள் முழுவதும் குனிய வைப்பது பழக்கமே தவிர அவசியம் அல்ல. மானாவாரி நிலத்தில் நின்றபடி களையெடுக்க நீண்ட பிடி போட்ட கருவிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இலேசான, நேரான மரம் வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் பிடிகள் பல சவுக்கிலோ தைல மரத்திலோ செய்தவை. சவுக்கு கனமும் பலமும் உள்ளதுதான். வெயிலில் வெடிப்பது அதன் பெரிய குறை. தைல மரத்தில் நார் முறுக்கிக்கொண்டு ஓடும். காயும்போது கோணலாகும், பிளக்கும். இம்மரங்கள் காகித ஆலைக்கும் சாரத்துக்கும் நன்றாகவே பயன்படுகின்றன. மண்வெட்டிப் பிடியாக விற்பதுதான் பொருத்தமில்லை. மரப்பிடிகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரவிதி ஒன்று 620 என்ற எண்ணில் இருக்கிறது. சந்தையில் பிடி வாங்கும் விவசாயிக்கும் அதை விற்பவருக்கும் அது எட்டவே இல்லை.

சீமைக் கருவேல் பற்றியும் ஒரு வார்த்தை. அதை நிலத்திலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் அகற்ற வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் வைரம் கடினமானது. காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். அதன் குறை நேராக வளராததுதான். அகற்றும்போது ஒன்றிரண்டு நேரான துண்டுகள் கிடைத்தால் கரிமூட்டத்துக்குப் போடுவதற்கு முன் பிடிக்காக ஒதுக்கிக் கொள்ளலாம். இதைவிட முக்கியம், சீமைக் கருவேலை வெட்டுகிறேன் என்று நாட்டுக் கருவேலையும் சேர்த்து வெட்டிவிடாமல் இருப்பது. நாட்டுக் கருவேலில் மஞ்சள் பூ உருண்டையாக இருக்கும். காய் மணி கோத்ததுபோல் இடையிடையே இறுகியிருக்கும். சீமைக் கருவேலின் பூ கதிர்போல் நீண்டிருக்கும். இந்த வேறுபாடு தெரியாத பொக்லைன் ஓட்டுநரிடம் வேலையை முழுதாக ஒப்படைத்துவிட்டால் பிறகு வருந்திப் பயனில்லை.

நாரோட்டம் பார்ப்பது எப்படி?

மரத்தின் பெயரைவிட முக்கியமானது நாரோட்டம். நல்ல கருவேலாக இருந்தாலும் நார் குறுக்கே ஓடினால் பிடி நிற்காது. பத்து அங்குல நீளத்தில் நார் ஓர் அங்குலம் விலகி ஓடினால் மரத்தின் வளைவு பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதிர்ச்சியைத் தாங்கும் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. ஐந்து அங்குலத்துக்கு ஓர் அங்குலம் விலகினால் அதிர்ச்சி தாங்கும் திறனில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். கடையில் அடுக்கியிருக்கும் பிடிகளைப் புரட்டிப் பார்த்தால் இப்படி நார் விலகியவை ஏராளமாகத் தென்படும்.

நிற்கும் மரத்தில் இதைப் பார்க்க வேண்டுமானால் பட்டையைப் பார்க்க வேண்டும். பட்டையின் வெடிப்புகள் நேராக மேலே சென்றால் உள்ளே நாரும் நேராக இருக்கும். வெடிப்புகள் மரத்தைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறினால் அந்த மரத்தை விறகுக்கு விட்டுவிடலாம். சீவிய கட்டையில் சந்தேகம் வந்தால், பேனா மையை ஒரு சொட்டு விட்டால் போதும். மை நார் வழியே பரவி அதன் போக்கைக் காட்டிவிடும். காய்ந்த கட்டையில் தோன்றும் மயிரிழை வெடிப்புகளும் நாரோட்டத்தையே காட்டும்.

ரம்பம் நாரைப் பார்ப்பதில்லை. கோடு போட்ட வழியில் அறுத்துக்கொண்டு போய்விடும். ஆப்பு வைத்துப் பிளந்தால் மரம் நார் வழியேதான் பிளக்கும். வில் செய்தவர்கள் உலகம் முழுவதும் கட்டையைப் பிளந்தே எடுத்ததன் காரணம் இதுதான். ஆகவே மணிக்கட்டுப் பருமன் உள்ள முழுக் கொம்பை அப்படியே பிடியாகச் சீவுவதைவிட, ஓரளவு பருத்த அடிமரத்தில் மூன்றடித் துண்டு எடுத்து, அதை நான்காகவோ ஆறாகவோ பிளந்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு பிடி எடுப்பது மேல். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடுப்பகுதியை உள்ளடக்கிய உருட்டுக் கொம்பு இந்த இழுபறி தாங்காமல் வெடிக்கிறது. பிளந்த துண்டு அப்படி வெடிப்பதில்லை. பக்கவாட்டில் சாய்ந்து வளர்ந்த கிளைகளையும் தவிர்க்க வேண்டும். கிளையின் மேல்பக்கத்து மரமும் கீழ்ப்பக்கத்து மரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை, காய்ந்தால் கோணும்.

வைரம் மட்டும்தான் பலம், வெளியே உள்ள வெள்ளைக் கட்டை பலமற்றது என்பதும் முழு உண்மையல்ல. வெள்ளைக் கட்டை காய்ந்த பிறகு பலத்தில் வைரத்துக்கு அதிகம் குறைந்ததில்லை. யூ மர வில்லில் இழுபடும் பக்கம் வேண்டுமென்றே வெள்ளைக் கட்டையாகத்தான் வைத்தார்கள். அதன் பகை பூச்சி. வெள்ளைக் கட்டையில் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைத்து உளுத்துப் போகும். கட்டையின் அடியில் மாவுபோல் தூள் கொட்டிக் கிடந்தால் அந்தக் கட்டையை நம்பக் கூடாது. வெட்டிய கட்டையைச் சில வாரங்கள் குளத்திலோ தொட்டியிலோ ஊறப்போட்டுப் பிறகு காயவைக்கும் பழைய வழக்கம் இந்த மாவுச்சத்தைக் குறைப்பதற்கு உதவுகிறது. மூங்கிலுக்கு இது மிகவும் ஏற்றது. மூங்கிலில் மூன்று வயதுக்குக் குறைந்த கழியை வெட்டவும் கூடாது.

நிழலில் காயட்டும்

தேய்பிறையில்தான் மரம் வெட்ட வேண்டும் என்ற நம்பிக்கை பல ஊர்களில் உண்டு. அதைப் பின்பற்றுவதால் நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் வெட்டிய மரத்தை எங்கே வைக்கிறோம் என்பது பிறையைவிடப் பெரிய விஷயம். சித்திரை வெயிலில் வெட்டிக் களத்தில் போட்ட கருவேலங்கட்டை சில நாட்களிலேயே முனை வெடித்துவிடும். மழை முடிந்த மார்கழி, தை மாதங்களில் வெட்டினால் மெதுவாகக் காயும், வெடிப்புக் குறையும்.

மரத்திலிருந்து ஈரம் பக்கங்கள் வழியாக வெளியேறுவதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வேகமாக முனைகளின் வழியாக வெளியேறுகிறது. அதனால்தான் முனை முதலில் வெடிக்கிறது. வெட்டிய அன்றே இரு முனைகளிலும் தார், பழைய பெயிண்ட், உருக்கிய மெழுகு என ஏதாவது ஒன்றைப் பூசிவிட வேண்டும். எதுவும் இல்லையென்றால் சாணியும் களிமண்ணும் குழைத்து அப்பலாம். எப்படியும் சற்று வெடிக்கும் என்பதால் தேவையைவிட ஆறு அங்குலம் கூடுதலாகவே வெட்டிக் கொள்வது நல்லது. பிறகு பட்டையை உரித்து, காற்றோட்டமுள்ள நிழலில், தரையில் படாமல் அடுக்க வேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில் கட்டைகளைப் போட்டு வைத்தது இடமில்லாமல் அல்ல. புகை பட்டால் பூச்சி அண்டாது.

பிளந்த துண்டுகள் பயன்படுத்தும் பக்குவத்துக்கு வர மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். பருமனைப் பொறுத்து இது கூடலாம். காய்ந்துவிட்டதா என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் அனுபவசாலிகள் உண்டு. அந்த அனுபவம் இல்லாதவர்களுக்குத் தராசு போதும். ஒரு கட்டையை எடை போட்டு, எடையையும் தேதியையும் கரியால் அதன் மீதே எழுதிவைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நிறுத்தால் எடை குறைந்துகொண்டே வரும். அடுத்தடுத்து இரண்டு முறை எடை மாறாமல் நின்றால் கட்டை தயார்.

ஆசாரியிடம் காலையில் போய் மாலையில் பிடி கேட்பதை விவசாயிகள் கைவிட வேண்டும். அவர் கையில் அன்றைக்கு இருக்கும் பச்சைக் கட்டையில்தான் அவரால் செய்து தர முடியும். காய்ந்த கட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் வேலையும் நன்றாக இருக்கும். அதற்குரிய கூலியையும் மனமுவந்து கொடுக்கலாம்.

தண்ணீரில் போடுவது தவறான வைத்தியம்

பிடி ஆடினால் மண்வெட்டியை இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வைப்பது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். காலையில் இறுகியிருக்கும். இரண்டு நாள் வெயிலில் மீண்டும் ஆடும். முன்பைவிட அதிகமாகவே ஆடும். காரணம் இதுதான்: ஊறிய மரம் உப்ப முயல்கிறது. சுற்றிலும் இரும்பு இருப்பதால் வெளியே போக வழியின்றி அதன் நார்களே நசுங்கிவிடுகின்றன. நசுங்கிய நார் காய்ந்த பின் பழைய பருமனுக்குத் திரும்புவதில்லை. ஊறவைக்கும் ஒவ்வொரு முறையும் பிடி இளைத்துக்கொண்டே போகிறது.

நன்றாகக் காய்ந்த மரத்தைத் துளைக்குச் சற்று இறுக்கமாகச் சீவிச் சொருகி, முனையில் வாய் பிளந்து, காய்ந்த கடின மரத்தில் செய்த ஆப்பை அடித்தால் தண்ணீர் தேவைப்படாது. இரும்பைக் காய்ச்சிப் பிடியில் ஏற்றுவதும் கூடாது. கருகிய மரம் உதிர்ந்து இடைவெளி உண்டாகும். சீவிய பிடியைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கி, ஆளி விதை எண்ணெயோ வேப்பெண்ணெயோ இரண்டு, மூன்று முறை தேய்த்து ஊறவிட்டால் மழை ஈரமும் வெயிலும் மரத்தை அவ்வளவாகப் பாதிக்காது. வார்னிஷ் அடித்துப் பளபளக்கும் கடைப் பிடிகள் பார்வைக்கு நன்றாக இருக்கலாம். அந்தப் பூச்சு குறையை மறைக்கும், கையையும் கொப்புளமாக்கும்.

நான்கு மரத்துக்கு இடம் இல்லையா?

வரப்பில் மரம் வைத்தால் நிழல் விழுந்து மகசூல் குறையும் என்பது விவசாயிகள் சொல்லும் ஆட்சேபணை. அது நியாயமானதே. நன்செய் வரப்பில் வரிசையாக மரம் வைக்கும்படி யாரும் சொல்லத் தேவையில்லை. கிணற்று மேடு, களத்து மேடு, வண்டிப் பாதையின் ஓரம், மாட்டுக் கொட்டகையின் பின்புறம் என நான்கு மரத்துக்கு இடமில்லாத பண்ணை அரிது. வடக்கு எல்லையில் வைத்தால் சம்பாப் பருவத்தில் நிழல் தன் பயிர்மேல் விழாது; ஆனால் பக்கத்து நிலக்காரரின் பயிர்மேல் விழும் என்பதால் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

உயிர்வேலியே கருவி மரமாகவும் பயன்பட்டதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கே டெக்சாஸ், ஆர்கன்சா பகுதிகளில் வளரும் ஒரு மரத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயருக்கு ‘வில் மரம்’ என்று பொருள். ஓசேஜ் பழங்குடி மக்கள் அதில் வில் செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரமில்லாத புல்வெளிகளில் குடியேறிய விவசாயிகள் அதையே வேலியாக நெருக்கி நட்டார்கள். 1870-களில் முள்கம்பி வந்த பிறகு வேலிக்கு அதன் தேவை குறைந்தது. என்றாலும் வேலிக்கால்களையும் வண்டிச் சக்கர உறுப்புகளையும் அந்த மரத்திலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் இலந்தையையும் வெள்வேலையும் வேலியோரம் விட்டுவைத்தால் இதே பயனைப் பெறலாம்.

கருவேல் வளர்க்க நாற்றங்கால் தேடி அலைய வேண்டாம். ஆட்டுப்பட்டியில் ஆடு அசைபோட்டுத் துப்பிய கொட்டைகளைப் பொறுக்கி, மழை தொடங்கும்போது குழிக்கு மூன்று நான்காக ஊன்றினால் நன்றாக முளைக்கும். முளைத்ததில் ஒன்றை மட்டும் விட வேண்டும். முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் பக்கக் கிளைகளைக் கழித்துவிட்டால் அடிமரம் நேராக வரும். கழித்த முள் வேலிக்கு ஆகும். பிடிக்குரிய அடிமரம் கிடைக்கப் பத்தாண்டுகள் ஆகலாம். அதற்குள் காய் ஆடுகளுக்குத் தீவனமாகும். வெட்டிய பின் கருவேல் நன்றாகத் துளிர்ப்பதில்லை என்பதால் ஒன்றை வெட்டும்போது இன்னொன்றை ஊன்றிவிட வேண்டும். பூவரசுக்கு இந்தக் கவலை இல்லை. மழைக்காலத்தில் போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். வெட்டிய கட்டையிலிருந்தும் துளிர்க்கும். அவற்றில் நேரான இரண்டை விட்டு மற்றவற்றைக் கழித்தால் நீண்ட, கணுவில்லாத கம்புகள் கிடைக்கும்.

ஊர்ப் பொது இடத்திலும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 1981 முதல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரிகளிலும் கண்மாய்களிலும் ஏராளமான கருவேல மரங்கள் வளர்க்கப்பட்டன. இத்தகைய மரங்கள் ஏலம் போகும்போது எல்லாம் விறகுக் கணக்கில், மொத்த எடையில் போய்விடுகின்றன. ஊரிலேயே மிக நேரான, வைரம் பாய்ந்த அடிமரமும் செங்கல் சூளைக்கே போகிறது. அதே ஊர் விவசாயிகள் அடுத்த வாரம் தைல மரப் பிடி வாங்கச் சந்தைக்குப் போகிறார்கள். ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே ஊராட்சி மன்றம் கேட்டால், நேராக வளர்ந்த இருபது முப்பது மரங்களை அடையாளமிட்டு, ஏலத்திலிருந்து விலக்கி, மதிப்பிட்ட விலைக்கு ஊர் விவசாயிகளுக்கும் தச்சர்களுக்கும் கொடுக்கச் செய்ய முடியும். அரசுக்கு இதனால் பெரிய வருமான இழப்பு ஏற்படாது. கிராமசபைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகப் போட்டு, வனத்துறைக்கு எழுத்து மூலம் அனுப்ப வேண்டும். அடையாளமிடும் நாளில் உள்ளூர் ஆசாரி ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வது அவசியம். எந்த மரத்தில் நார் முறுக்கியிருக்கிறது, எது கலப்பைக்கு ஆகும் வளைவு என்பதை நின்ற இடத்திலிருந்தே அவர் சொல்லிவிடுவார்.